கீழாநெல்லி, கடலை, கல்லீரல் புற்றுநோய்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: கணவருக்கு ஹெபடைடிஸ் பி (கல்லீரலைத் தாக்கும் வைரஸ் தொற்று). தினமும் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுக்கிறேன். புற்றுநோய் வராமல் தடுக்குமா?

அதை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள் சகோதரி. 1988இல் மெட்ராஸில் நடந்த ஓர் ஆய்வில், 30 நாள் கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்தது. நானும் பெரிதாக நம்பினேன். ஆனால் 1990இல் தாய்லாந்தில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. காமாலைக்குக் கைகண்ட மருந்து என்று பெயர் வாங்கியதற்கும் காரணம் உண்டு: காமாலையை உண்டாக்கும் இன்னொரு வைரஸ் தொற்றான ஹெபடைடிஸ் ஏ பெரும்பாலும் தானாகவே குணமாகிவிடும். பி அப்படியில்லை, சிலருக்கு வருடக்கணக்கில் உள்ளேயே தங்கிவிடும். கல்லீரல் மருத்துவரிடம் காட்டுங்கள். வைரஸைக் கட்டுப்படுத்தும் டெனோஃபோவிர் போன்ற மாத்திரை தேவையா, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் என்று அவர் சொல்வார். அப்புறம், நீங்களும் பிள்ளைகளும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தொற்று இல்லாதவர்களுக்குத் தடுப்பூசி போடலாம்.

கேள்வி: அப்படியானால் எந்தத் தாவரப் பொருளுக்கும் ஆதாரமே இல்லையா?

இருக்கிறது. ஷாங்காய்க்கு அருகே சிடோங்கில் கல்லீரல் புற்றுநோய் அதிகம். அங்கே சாப்பிட்டுவந்த மக்காச்சோளத்தில் கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய பூஞ்சை நஞ்சான அஃப்லாடாக்சின் இருந்தது. இலைப்பச்சையத்திலிருந்து செய்த குளோரோஃபிலினை 100 மில்லிகிராம் வீதம் தினமும் மூன்று வேளை, நான்கு மாதம் கொடுத்தார்கள். ஆய்வில் 180 பேர். மரபணுவை நஞ்சு தாக்கியதற்கான தடயம், மருந்து சாப்பிட்டவர்களின் சிறுநீரில் 55 சதவீதம் குறைந்திருந்தது. குடலிலேயே நஞ்சைப் பிடித்துக்கொள்வதுதான் அது வேலை செய்யும் விதம். ஆனால் அளந்தது தடயத்தைத்தான், புற்றுநோயை அல்ல.

கேள்வி: நிலக்கடலையிலும் அந்த நஞ்சு இருக்கலாமாமே, நன்றாக வறுத்தால் போய்விடுமா?

வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுசாகப் போகாது. சட்னிக்கு எடுக்கும் முன் முறத்தில் பரப்பிப் பாருங்கள். சுருங்கியது, நிறம் மாறியது, பச்சையாய்ப் பொடி படிந்தது எல்லாவற்றையும் எறியுங்கள். வாயில் போட்டதும் கசந்தால் துப்பிவிடுங்கள். செக்குக்குக் கொடுக்கும் கடலையையும் இப்படியே பொறுக்குங்கள், சுத்திகரிக்காத எண்ணெயில் நஞ்சு இறங்கும். ஈரம் போகக் காயவைத்துச் சேமிப்பதுதான் எனக்குத் தெரிந்த நல்ல தடுப்பு.

கேள்வி: மிளகுச்சத்து சேர்த்த மஞ்சள் கேப்ஸ்யூல்?

வேண்டாம். குழம்பில் போடும் மஞ்சள் வேறு, இது வேறு. அந்தக் கேப்ஸ்யூலால் கல்லீரலே பாதிக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி: காபி?

தாராளமாகக் குடிக்கலாம். காபி குடிப்பவர்களிடம் கல்லீரல் புற்றுநோய் குறைவு என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. சர்க்கரையை மட்டும் குறையுங்கள்.