பழைய லெப்டொப், புதிய ரவுட்டர்: ஒத்துப்போகுமா?

கேள்வி: மகள் அடுத்த வருடம் உயர்தரப் பரீட்சை எழுதுகிறாள். கொழும்பில் வேலை செய்யும் என் தம்பி தன்னுடைய பழைய லெப்டொப்பைக் கொடுத்திருக்கிறான், 2014இல் வாங்கியது. எங்கள் தோட்டத்துக்கு ஃபைபர் இன்னும் வரவில்லை. சிம் போடும் ரவுட்டர் வாங்கலாம் என்று ஹட்டனுக்குப் போனோம். கடையில் இருந்த தம்பி, "லெப்டொப் கார்டுக்கு ஒத்துப்போகிற ரவுட்டர்தான் எடுக்கணும் அக்கா, இல்லாட்டி வேலை செய்யாது" என்று சொல்லி, வைஃபை 6 என்று எழுதிய பெட்டியை எடுத்து வைத்தார். கையில் இருந்த காசு போதவில்லை, திரும்பி வந்துவிட்டோம். அவர் சொன்னது சரியா?
ஒரு தாய், தலவாக்கலை

பதில்: கால்வாசி சரி. காசு போதாமல் போனதும் ஒரு வகையில் நல்லதுதான்.

கார்டு என்பது லெப்டொப்புக்குள் இருந்து வைஃபையைப் பிடிக்கும் பகுதி. கார்டும் ரவுட்டரும் ஒரே கொம்பனியாக இருக்கத் தேவையே இல்லை. உள்ளே இருப்பது இன்டெல்லோ ரியல்டெக்கோ, எல்லாம் 802.11 என்ற ஒரே தரத்தைப் பின்பற்றித்தான் செய்யப்படுகின்றன. அந்த எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்துத்தான் தலைமுறையைச் சொல்லும். 'ஜி' 2003இல் வந்தது, 'என்' 2009இல், 'ஏசி' 2013இல், 'ஏஎக்ஸ்' 2021இல். இந்த எழுத்துகள் யாருக்கும் மனதில் நிற்கவில்லை என்று 2018இல் 'என்'னுக்கு வைஃபை 4, 'ஏசி'க்கு வைஃபை 5, 'ஏஎக்ஸ்'ஸுக்கு வைஃபை 6 என்று பெயர் வைத்தார்கள். புதிய ரவுட்டர் பழைய கார்டோடும் பேசும். ஆனால் பேச்சு பழையவரின் வேகத்தில்தான் நடக்கும்.

அதனால் முதலில் கார்டைப் பாருங்கள். விண்டோஸ் பொத்தானையும் எக்ஸ் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் ஒரு பட்டியல் வரும். அதில் டிவைஸ் மேனேஜர், அதற்குள் நெட்வேர்க் அடப்டர்ஸ். கார்டின் பெயர் அங்கே இருக்கும். பெயரில் 'பிஜிஎன்' மட்டும் இருந்தால் அது 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையை மட்டும் பிடிக்கும் கார்டு. அந்த எழுத்துகளோடு 'ஏ'யோ 'ஏசி'யோ 'டுவல் பேண்ட்' என்ற சொல்லோ இருந்தால் 5 கிகாஹேர்ட்ஸையும் பிடிக்கும். பெயரில் ஒன்றுமே புரியாவிட்டால் வேறு வழி இருக்கிறது. உங்கள் போனில் ஹொட்ஸ்பொட் போட்டு, அதன் செட்டிங்கில் 5 கிகாஹேர்ட்ஸைத் தெரிவு செய்யுங்கள். லெப்டொப்பின் வைஃபை பட்டியலில் போனின் பெயர் வந்தால் கார்டு இரண்டையும் பிடிக்கும். 2.4க்கு மாற்றிய பிறகுதான் பெயர் வருகிறது என்றால், அதுதான் பதில். எல்லாப் போனிலும் இந்தத் தெரிவு இருக்காது, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் போனையாவது வாங்கிப் பாருங்கள்.

2014ஆம் ஆண்டு லெப்டொப் என்றால், பெரும்பாலும் 2.4 மட்டும் பிடிக்கும் 'என்' கார்டாகத்தான் இருக்கும். ஒரே ஒரு அன்டெனா உள்ள அப்படிப்பட்ட கார்டு வழக்கமான அமைப்பில் விநாடிக்கு 72 மெகாபிட் வரை இணையும், கைக்கு வருவது அதில் ஏறக்குறைய பாதி. அது போதாதா என்று கேட்டால், தாராளமாகப் போதும். சூம் வகுப்புக்கு நான்கைந்து மெகாபிட் இருந்தாலே படம் தெளிவாக வரும். உங்கள் வீட்டில் நெரிசல் வரப்போவது லெப்டொப்புக்கும் ரவுட்டருக்கும் நடுவில் இல்லை, ரவுட்டருக்கும் எதிர் மலையில் நிற்கும் டவருக்கும் நடுவில்தான். வைஃபை 6 வாங்கினாலும் அந்தப் பக்கம் ஒரு மெகாபிட்கூடக் கூடாது.

'ஏசி' ரவுட்டர் பெட்டியில் 1200 என்று பெரிதாக எழுதியிருப்பதையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். 2.4இல் 300, 5இல் 867, இரண்டையும் கூட்டி மேலே தூக்கிப் போட்டதுதான் அந்த 1200. லெப்டொப் ஒரு நேரத்தில் ஒரு அலையில்தான் இணையும். சந்தையில் இரண்டு மூட்டையின் எடையைக் கூட்டி ஒரே மூட்டையின் மேல் எழுதினால் விடுவோமா?

அப்புறம் ஒரு கேள்வி. அவர் எடுத்து வைத்த அந்தப் பெட்டியில் சிம் போடும் இடம் இருந்ததா? கட்டாயம் பாருங்கள். வைஃபை 6 என்று விற்பதில் நிறைய வெறும் ரவுட்டர்கள், இணையம் வேறொரு பெட்டியிலிருந்து வயர் மூலம் வர வேண்டும். அதை வாங்கி வந்திருந்தால் தோட்டத்து வீட்டில் விளக்கு மட்டும்தான் எரிந்திருக்கும்.

சிம் ரவுட்டரில் பார்க்க வேண்டியது இவ்வளவுதான். ஒரு கொம்பனியின் சிம்முக்கு மட்டும் பூட்டப்பட்டதா என்று கேளுங்கள். பூட்டியது விலை குறைவு, ஆனால் நாளைக்கு அந்தக் கொம்பனியின் சிக்னல் உங்கள் பக்கம் சரியில்லை என்றால் மாற்ற முடியாது. வாங்குவதற்கு முன், இரண்டு மூன்று கொம்பனிகளின் சிம்மைப் போனில் போட்டு, ரவுட்டர் வைக்கப்போகும் அதே ஜன்னலில் வைத்து வேகம் பாருங்கள். காலையில் ஒரு முறை, எல்லோரும் வேலை முடிந்து வந்த பிறகு இரவு எட்டு மணிக்கு ஒரு முறை. இரவில் வரும் எண்ணை நம்புங்கள். வெளி அன்டெனா மாட்டும் துளை இருந்தால் நமது மலைகளுக்கு அது வைஃபை 6ஐ விடப் பெரிய உதவி. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி பெற்ற மாடலா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பனிமூட்டம் வந்தால் சிக்னல் போய்விடும் என்று நம் ஊரில் ஒரு பேச்சு உண்டு. மூட்டம் அந்த அலையைப் பெரிதாக ஒன்றும் செய்யாது. நடுவில் நிற்கும் மலையும் நனைந்த மரங்களும்தான் மறைக்கும். ரவுட்டரை டவர் தெரியும் ஜன்னலில் வையுங்கள். கூரையிலிருந்து இறங்கும் தகரத்துக்குப் பக்கத்திலோ இரும்பு அலுமாரிக்குப் பின்னாலோ வைக்காதீர்கள்.

மகள் ஒரே மேசையில் இருந்துதான் படிப்பாள் என்றால், லேன் வயர் ஒன்று வாங்கி ரவுட்டரிலிருந்து நேராக லெப்டொப்பில் குத்திவிடுங்கள். அந்தக் கால லெப்டொப்களில் பெரும்பாலும் அதற்கான துளை இருக்கும். கார்டு எந்தத் தலைமுறை என்ற கேள்வியே அதோடு முடிந்தது. கார்டு உண்மையிலேயே பழுது என்றால், ரவுட்டரை மாற்றுவதை விட யூஎஸ்பியில் குத்தும் வைஃபை அடப்டர் மிக மலிவு. நானாக இருந்தால் இரண்டு அலையும் உள்ள சாதாரண 'ஏசி' சிம் ரவுட்டர் ஒன்றை வாங்கிவிட்டு, மிச்சக் காசில் டேட்டா போடுவேன்.

கேள்வி: ஃபைபர் எடுத்து, வைஃபை 6 ரவுட்டரும் வாங்கினேன். போனில் நன்றாக வேலை செய்கிறது. லெப்டொப்பில் பக்கத்து வீட்டு வைஃபை எல்லாம் தெரிகிறது, என் வைஃபையின் பெயர் மட்டும் இல்லை. கடையில் கேட்டால் லெப்டொப்பை மாற்றச் சொல்கிறார்கள்.
வாசகர், பண்டாரவளை

பதில்: மாற்றாதீர்கள் தம்பி. நான் மேலே 'கால்வாசி சரி' என்று விட்டுவைத்த இடம் இதுதான். இன்டெல்லின் சில பழைய கார்டுகள், பழைய டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) இருக்கும்வரை, வைஃபை 6இல் ஒலிபரப்பாகும் பெயரைப் பட்டியலில் காட்டாமலே விட்டுவிடும். கார்டில் பழுது ஒன்றும் இல்லை. போனை யூஎஸ்பி வயரில் லெப்டொப்போடு இணைத்து, போன் டேட்டாவைக் கொடுத்து, இன்டெல்லின் தளத்திலிருந்து புதிய டிரைவரை இறக்கிப் போடுங்கள். அதற்கும் சரிவராவிட்டால், ரவுட்டர் செட்டிங்கில் 2.4 அலைக்கு மட்டும் 'ஏஎக்ஸ்'ஸை நிறுத்திவிடுங்கள். போன்கள் 5இல் வைஃபை 6ஆகவே இருக்கும்.

லெப்டொப் அமெரிக்காவிலிருந்து வந்ததா? அங்கிருந்து வரும் பல லெப்டொப்கள் 2.4 அலைக்குள் இருக்கும் பிரிவுகளில், அதாவது சனல்களில், 12ஐயும் 13ஐயும் தேடுவதே இல்லை. ரவுட்டரில் சனலை 1, 6, 11 இவற்றில் ஒன்றுக்கு மாற்றுங்கள்.

பெயர் தெரிந்து, கடவுச்சொல் போட்டபின் இணைய மறுத்தால் அது வேறு கதை. என் வீட்டில் நடந்தது. பாதுகாப்புக் கூடியது என்று படித்துவிட்டு ரவுட்டரின் வைஃபை பாதுகாப்பு முறையை டபிள்யூபிஏ3 மட்டும் என்று மாற்றி வைத்தேன். மறுநாள் அக்கா தன் பழைய லெப்டொப்போடு வந்து, கடவுச்சொல்லை நான்கு தடவை அடித்துப் பார்த்துவிட்டு, "உனக்கு நான் வந்தது பிடிக்கலையா?" என்று கேட்டார். டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் கலந்த தெரிவுக்கு மாற்றியதும் அக்காவும் சமாதானம், லெப்டொப்பும் சமாதானம்.

கேள்வி: இரண்டு மாதத்துக்கு முன் வாங்கிய சிம் ரவுட்டர் போன வாரம் இடி மின்னலோடு அணைந்துவிட்டது. வொரண்டி இல்லை என்கிறார்கள். என்ன செய்யலாம்?
வாசகர், நோர்வூட்

பதில்: வொரண்டி அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். மின்னலால் வரும் பழுதைப் பெரும்பாலும் விலக்கியிருப்பார்கள். அப்படி எழுதியிருந்தால் கடைக்காரரோடு சண்டை பிடித்துப் பலனில்லை. அட்டையில் அப்படி ஒன்றும் இல்லை என்றால், பற்றுச்சீட்டோடு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுதுங்கள். தொலைபேசி எண் 1977. எழுத்து மூல முறைப்பாட்டை வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. உங்களுக்கு ஒரு மாதம்தான் மிச்சம்.

அதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். போன் லைன் இல்லாத ரவுட்டர் என்பதால் மின்னல் பெரும்பாலும் கரண்ட் வழியாகத்தான் வந்திருக்கும், சுவரில் குத்தும் அடப்டரோடு நின்றிருக்கவும் கூடும். அடப்டரின் மேல் வோல்ட் எழுதியிருக்கும், 5, 9, 12 என்று ஏதாவது. அதே வோல்ட், அதே முனை, அம்பியர் சமமாகவோ கூடவோ உள்ள இன்னொன்றை யாரிடமாவது வாங்கிக் குத்திப் பாருங்கள். விளக்கு எரிந்தால் அடப்டர் மட்டும் வாங்கினால் போதும்.