அரைப்பள்ளிக்குப் போகலாமா?

வணக்கம் சார். மே விடுமுறையில் குடும்பத்தோடு நாகர்கோவில் பக்கம் போகிறோம். திருவிதாங்கோட்டில் இயேசுவின் சீடர் தோமையார் கி.பி. 63இல் கட்டிய ஆர்த்தடாக்ஸ் கோயில் இருப்பதாக அலுவலக நண்பர் சொன்னார். நிஜமாகவே அத்தனை பழசா? நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை, உள்ளே விடுவார்களா?
ச., வேளச்சேரி

அன்புள்ள ச.,

தாராளமாகப் போங்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டு, பெண்கள் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டால் போதும். நான் போனபோது யார், எந்த ஊர் என்று யாரும் விசாரிக்கவில்லை. தேவாலயத்தை அங்கே பள்ளி என்பார்கள், ஆனால் தக்கலையில் ஆட்டோ ஏறும்போது வெறுமனே பள்ளி என்று சொல்லாதீர்கள், பள்ளிவாசலில் இறக்கிவிடுவார். அந்தக் கோயிலின் பெயரான அரைப்பள்ளி என்று சொல்லுங்கள்.

கி.பி. 63 என்பது அந்தச் சபையார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருவது. இப்போது நிற்கும் சுவரை வைத்து அதை நிரூபிக்க முடியாது. தோமையார் கேரளத்தில் ஏழு பள்ளிகளும் இங்கே ஒரு அரைப்பள்ளியும் நிறுவினார் என்பது நம்பிக்கை, அதனால்தான் ஏழரைப் பள்ளி என்பார்கள். அரை என்றால் பாதி என்று சிலர் சொல்கிறார்கள், அரசன் இடம் கொடுத்த அரசப் பள்ளிதான் தேய்ந்து இப்படி ஆனது என்று சிலர். எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது. திருவிதாங்கூருக்குப் பெயர் கொடுத்த ஊரே இதுதான், தலைநகரம் பத்மநாபபுரத்துக்குப் போனதெல்லாம் அப்புறம்.

முடிந்தால் குர்பானா என்கிற அவர்களுடைய திருப்பலி வழிபாடு நடக்கும் நேரத்தை விசாரித்துக்கொண்டு போங்கள். பூட்டிய கட்டடத்தைச் சுற்றிப் பார்ப்பதில் பாதிகூட கிடைக்காது. நான் கடைசியில் கல்சுவரை ஒட்டி நின்றிருந்தேன், உளி கொத்திய மேடுபள்ளம் தோளில் உரசிக்கொண்டே இருந்தது. பீடத்தின் திரை மூடும், திறக்கும், சாம்பிராணிப் புகை தாழ்வாக வந்து படியும். சமாதானம் கொடுக்கும் கட்டம் வந்ததும் அது பீடத்திலிருந்து கைக்குக் கை மாறி என் வரைக்கும் வந்தது. முன்னால் நின்ற பெரியவர் திரும்பி என் கையைத் தன் இரண்டு உள்ளங்கைக்குள் வைத்து மெல்ல அழுத்தினார், ரப்பர் வெட்டிக் காய்ப்பேறிய கை. எனக்குப் பின்னால் நின்ற பையனுக்கு நானும் அப்படியே கொடுத்தேன். எத்தனை பழசு என்ற கேள்வி அந்த நேரத்தில் எனக்கு ஞாபகமே வரவில்லை.

சரி, பழமைக்குக் கண்ணால் பார்க்க ஏதாவது வேண்டும் என்றால் அது உங்கள் வீட்டுப் பக்கத்திலேயே இருக்கிறது. பரங்கிமலை உச்சியில், 1547இல் போர்த்துகீசியர் கோயில் கட்டத் தோண்டியபோது கிடைத்த கற்சிலுவை. அதைச் சுற்றி ஓடுவது பாரசீகத்தின் பழைய எழுத்தான பஹ்லவி. போர்த்துகீசியர் வருவதற்குப் பல நூற்றாண்டு முன்பே இந்தக் கரையில் கிறிஸ்தவர்கள் இருந்தார்கள் என்பதற்கு அந்தக் கல் போதும். அதைப் பார்த்துவிட்டு எழும்பூரில் ரயில் ஏறுங்கள்.