சுழல், அயலி, செம்பூர் நண்பர்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் மும்பை செம்பூரில் வசிக்கிறேன். எங்கள் குடியிருப்பில் உள்ள தமிழ்க் குடும்பங்கள் சில ஞாயிறு மாலைகளில் ஒன்றுகூடுவது வழக்கம். பேச்சு எங்கே தொடங்கினாலும், அந்த வாரம் யார் என்ன தொடர் பார்த்தார்கள் என்பதில்தான் வந்து நிற்கும். சென்ற மாதம் நான் ‘சுழல்’ தொடரைப் பரிந்துரைத்தேன். இங்கேயே பிறந்து வளர்ந்த நண்பர்கள் அதை இந்தி டப்பிங்கில் பார்த்துவிட்டு, “வழக்கமான போலீஸ் கதைதானே, ‘டெல்லி கிரைம்’ இதைவிட எவ்வளவோ மேல்” என்று சொல்லிவிட்டார்கள். தமிழில் எந்த வெப் சீரிஸை எடுத்தாலும் ஒரு பெண் காணாமல் போவதிலோ பிணம் கிடைப்பதிலோதான் தொடங்குகிறது என்பது இன்னொருவரின் குறை. இந்தியில் ‘பஞ்சாயத்’ பார்த்தவர்களிடம் அதன் தமிழ் மறுஆக்கமான ‘தலைவெட்டியான் பாளையம்’ பற்றிச் சொல்லவே தயக்கமாக இருக்கிறது. என் அம்மாவோ சன் டிவியின் ‘எதிர்நீச்சல்’ தவிர வேறெதையும் பார்ப்பதில்லை. அடுத்து எதைப் பரிந்துரைக்கலாம்?

அன்புடன்,
வாசகர், செம்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் நண்பர்கள் பார்த்தது ‘சுழல்’ தொடரின் கதைச்சுருக்கத்தை மட்டுமே என்று நினைக்கிறேன். ‘டெல்லி கிரைம்’ மிகச் சிறந்த தொடர், 2020இல் சர்வதேச எம்மி விருது பெற்றது. ஆனால் குற்றவாளிகளைக் காவல்துறை எப்படித் தேடிப் பிடித்தது என்பதுதான் அதன் முதல் சீசனின் கேள்வி. ஒரு சிற்றூர் தனக்குத் தெரிந்ததை எவ்வளவு காலம் தெரியாததுபோல் வைத்திருக்கும் என்பதே ‘சுழல்’ எழுப்பும் கேள்வி. இரண்டிலும் காக்கிச் சட்டை இருக்கிறது என்பதற்காக ஒரே தராசில் நிறுத்துவது சரியல்ல.

2022இல் வந்த ‘சுழல்’ முதல் சீசனில், சிமெண்ட் ஆலையை நம்பி வாழும் ஊரில் ஒரு பெண் காணாமல் போகும் நாட்களில்தான் மயானக் கொள்ளைத் திருவிழாவும் நடக்கிறது. இந்தியில் பார்ப்பவருக்கு அது கண்ணுக்கு விருந்தான பின்னணி, அவ்வளவுதான். மாசி மாதம் சிவராத்திரியை அடுத்த அமாவாசையன்று அங்காளம்மன் சுடுகாட்டுக்குப் புறப்படுகிறாள் என்பதையும், சிவனின் கையில் ஒட்டிக்கொண்டு அவனுக்கு இடும் உணவையெல்லாம் தின்றுவந்த பிரம்ம கபாலத்தை, அதாவது பிரம்மாவின் மண்டையோட்டை, மயானத்தில் சோற்றைச் சூறைவிட்டுக் கீழே இறங்கவைத்து அவள் மிதித்து அடக்கினாள் என்பதையும், மேல்மலையனூரில் இன்றும் பெருங்கூட்டம் கூடுகிறது என்பதையும் அறிந்தவருக்கு, அந்த வேடங்களும் கூச்சலும் கதையின் கோபமாகவே கேட்கும். எழுதிய புஷ்கர்–காயத்ரி திருவிழாவை அலங்காரத்துக்காகக் கொண்டுவரவில்லை என்பது அப்போதுதான் புரியும். இதை முன்கூட்டியே சொன்னால் கதையின் முடிச்சு எதுவும் அவிழ்ந்துவிடாது.

இன்னொன்று குரல். பார்த்திபனின் பேச்சை 1989 முதல் கேட்டுப் பழகியிருக்கிறோம். அவர் ஒரு தொழிற்சங்கத் தலைவராக, பெண்ணைத் தேடும் தகப்பனாகப் பேசும்போது அந்தப் பழக்கமும் சேர்ந்துதான் நம்மைத் தொடுகிறது. இந்தியில் வேறொருவரின் குரல் அந்த இடத்தில் இருக்கிறது. உங்கள் நண்பர்களுக்கு இதை அவர்கள் வழியிலேயே விளக்கலாம். ஹர்ஷத் மேத்தாவின் பங்குச் சந்தை மோசடியைச் சொல்லும் ‘ஸ்கேம் 1992’ தொடரை மும்பைக்காரர்கள் ஏன் அப்படிக் கொண்டாடினார்கள்? பிரதீக் காந்தி பேசிய குஜராத்தி வாடை வீசும் இந்தியும் பங்குச் சந்தைத் தரகர்களின் பேச்சும் இல்லாவிட்டால் மோசடிக் கதை மிஞ்சும், மும்பைப் பங்குச் சந்தை இருக்கும் தலால் வீதி மிஞ்சாது. ஆகவே ஆடியோவைத் தமிழுக்கு மாற்றி, வேண்டுமானால் ஆங்கில சப்டைட்டில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இந்தியில் இயங்கும் வீட்டில் தொடர் இந்தியிலேயே தொடங்கிவிடுகிறது, பலரும் அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

பிணத்தில் தொடங்குகிறது என்று சொன்ன நண்பர் பேச்சில் நியாயம் இருக்கிறது. ‘சுழல்’, ‘விலங்கு’, ‘வதந்தி’ என்று வரிசையாக அப்படித்தான் வந்தன, எனக்கும் அதில் அலுப்பு உண்டு. அவற்றுள் ‘வதந்தி’யை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். கன்னியாகுமரிப் பக்கத்தில் இறந்துகிடக்கும் வெலோனி என்ற பெண்ணைப் பற்றி ஒவ்வொருவரும் ஒவ்வொரு கதை சொல்ல, செத்த பிறகும் ஊர் வாயில் அவள் படும் பாட்டைத்தான் அத்தொடர் பேசுகிறது. எஸ்.ஜே. சூர்யா இவ்வளவு அடக்கமாக நடித்துப் பார்ப்பதே அரிது.

ஆனால் அடுத்து நீங்கள் பரிந்துரைக்க வேண்டியது ‘அயலி’. 2023 ஜனவரியில் ஜீ5 தளத்தில் வந்தது, இயக்கியவர் முத்துக்குமார், எட்டே பகுதிகள். புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமம், 1990. பூப்பெய்திய பெண் பள்ளிக்கூடம் போகக்கூடாது, அயலி அம்மன் கோவிலுக்குள் நுழையக்கூடாது, உடனே கல்யாணம் என்பது ஊர்க் கட்டுப்பாடு. டாக்டராக வேண்டும் என்று ஆசைப்படும் தமிழ்ச்செல்வி, தான் வயதுக்கு வந்ததையே மறைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போகிறாள். கொலை இல்லை, துப்பறிதல் இல்லை. இருந்தும், இன்று மாட்டிக்கொள்வாளோ என்ற பதைப்பில் எந்தத் துப்பறியும் தொடரும் தராத விறுவிறுப்பு இருக்கிறது. அந்த ரகசியத்தில் அம்மாவும் பங்காளியாகும்போது, அம்மாவாக நடிக்கும் அனுமோல் முகத்தில் ஓடும் பயத்தையும் பெருமையையும் பாருங்கள். தமிழ்ச்செல்வியாக வரும் அபி நட்சத்திராவின் துடுக்குத்தனத்துக்கு அந்த முகம்தான் எடை சேர்க்கிறது. பிரச்சாரமாகச் சரிந்துவிடக்கூடிய கதையை ஊர்க்காரர்களின் நையாண்டிப் பேச்சு தாங்கிப் பிடிக்கிறது. அதனால் இதையும் தமிழிலேயே கேட்க வேண்டும். மகள் இருக்கும் வீடுகளில் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.

‘பஞ்சாயத்’ பார்த்து ரசித்தவர்களுக்கு ‘தலைவெட்டியான் பாளையம்’ வேண்டாம். ஒவ்வொரு காட்சியையும் மூலத்தோடு ஒப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். அதை உங்கள் அம்மாவுக்குக் காட்டுங்கள். 2024இல் அதை இயக்கிய நாகாதான் தொண்ணூறுகளில் ‘மர்மதேசம்’ தொலைக்காட்சித் தொடரை இயக்கியவர். அதில் வந்த ‘விடாது கருப்பு’ கதையைப் பார்த்தவர்களுக்கு, அதில் நடித்த சேத்தனையும் தேவதர்ஷினியையும் மறுபடி ஒரே கிராமத்தில் பார்ப்பதே தனி மகிழ்ச்சி.

அம்மாவின் ‘எதிர்நீச்சல்’ பற்றி நீங்கள் குறைபட்டுக்கொள்வதை மட்டும் ஏற்க முடியவில்லை. திருச்செல்வத்தின் அந்தத் தொடரில், படித்த மருமகள்களை அடுப்படியில் அடைத்துவைத்த வீட்டின் கதையை நாள்தோறும் லட்சக்கணக்கான பெண்கள் தங்கள் கதையாகப் பார்த்தார்கள். ஆதி குணசேகரனாக வாழ்ந்த மாரிமுத்து 2023 செப்டம்பரில் காலமானபோது, அந்தப் பாத்திரத்தை வெறுத்தவர்களே அவருக்காக அழுதார்கள். அது ‘அயலி’ பேசும் அதே விஷயம், தினசரித் தொடருக்கே உரிய இழுவையோடு. அம்மாவையும் ஞாயிறு மாலைப் பேச்சில் உட்காரவையுங்கள், தொடர்களைப் பற்றி உங்கள் நண்பர்களைவிட அதிகம் சொல்ல அவரிடம் இருக்கும்.

‘சுழல்’ தொடரின் இரண்டாவது சீசன் 2025இல் வந்துவிட்டது. முதல் சீசனைத் தமிழில் பார்த்து முடிப்பவர்களுக்கு மட்டும் அதைச் சொல்லுங்கள்.

அன்புடன்.