இங்கிலாந்தில் பாரிஷ் கவுன்சில் உறுப்பினராகச் சேர்ந்திருக்கிறேன். பயிற்சியும் வழிகாட்டுதலும் எங்கே கிடைக்கும்? எதிலிருந்து தொடங்குவது?

வாழ்த்துகள். உங்கள் கவுன்சிலின் கிளார்க்கிடமிருந்து, அதாவது நிர்வாகத்தைக் கவனிக்கும் அலுவலரிடமிருந்து, தொடங்குங்கள். முதல் கூட்டத்துக்கு முன்பே அரை மணி நேரம் கேட்டு வாங்கி உட்கார்ந்து பேசுங்கள். தென் இங்கிலாந்தில் ஒரு சிறிய கிராமத்துக்கு நானே பகுதிநேர கிளார்க்காக இருக்கிறேன். புதிதாக வந்த உறுப்பினர் யாராவது "எனக்கு ஒன்றும் தெரியாது, சொல்லிக்கொடுங்கள்" என்று வந்தால் அதைவிட எனக்குச் சந்தோஷம் வேறில்லை.

காலியிடத்துக்கு கோ-ஆப்ஷனில் (தேர்தலில்லாமல் கவுன்சிலே நியமிப்பது) எடுத்தார்கள், பள்ளிக்கூடத்துக்கு முன்னால் வண்டிகள் பறப்பதை நிறுத்த வேண்டும் என்பதுதான் முதல் ஆசை என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல ஆசை. அதையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன்.

படிக்கும் மற்றவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. பாரிஷ் கவுன்சில் இங்கிலாந்தின் மிகக் கீழ்த்தட்டு உள்ளாட்சி. 1894-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்தது, தேவாலய நிர்வாகத்தோடு சம்பந்தமில்லை. சுமார் 10,000 கவுன்சில்கள் இருக்கின்றன. ஊர் பெரிதானால் டவுன் கவுன்சில் என்பார்கள். சாலிஸ்பரி மாதிரி ஒரு நகரமே இந்த வகைக் கவுன்சிலைத்தான் வைத்திருக்கிறது. விளையாட்டுத் திடல், இடுகாடு, காய்கறி போட வாடகைக்கு விடும் அலாட்மென்ட் நிலம், பேருந்து நிழற்குடை, போர் நினைவுச் சின்னம் போன்றவைதான் அன்றாட வேலை. பணம் வீடுகளுக்கான உள்ளாட்சி வரியான கவுன்சில் டாக்ஸோடு சேர்ந்து வசூலாகிறது, அந்தப் பங்குக்கு பிரீசெப்ட் என்று பெயர். லண்டனுக்குள் இப்படி ஒன்றை அமைக்க 2007-இல்தான் சட்டம் வழிவிட்டது, முதலாவதாக குவீன்ஸ் பார்க் 2014-இல் வந்தது. ஈஸ்ட்ஹாமிலும் ஹாரோவிலும் இருக்கும் நம்மவர்கள் பலர் இதைக் கேள்விப்பட்டதே இல்லை என்றால் காரணம் அதுதான்.

உறுப்பினர் தனியாக எதுவும் செய்ய முடியாது. எந்தப் பயிற்சி வகுப்பிலும் இதைத்தான் முதலில் சொல்வார்கள், உண்மையாகப் புரிய வேண்டியதும் இதுதான். நம் ஊரில் ஊராட்சித் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள், அவர் கையில் நிர்வாக அதிகாரம் இருக்கிறது. அந்தப் படத்தை மனதில் வைத்துக்கொண்டு இங்கே வந்தால் குழப்பம்தான். இங்கே தலைவரை ஆண்டுக்கொரு முறை, மே மாதக் கூட்டத்தில், உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். வாக்குகள் சமமானால் அவருக்கு இன்னொரு வாக்கு உண்டு. மற்றபடி அவரும் உங்களைப் போல ஒருவர். அவர் தனியாக ஒரு பென்ச் கூட வாங்க முடியாது, கிளார்க்குக்குத் தன் விருப்பப்படி உத்தரவு போடவும் முடியாது. முடிவு எடுப்பது கூட்டம், நிறைவேற்றுவது கிளார்க்.

சரி, பள்ளிக்கூடச் சாலை. அது பெரும்பாலும் மேலடுக்கு உள்ளாட்சியான கவுன்ட்டி கவுன்சிலின் பொறுப்பில் இருக்கும். வேக வரம்பை மாற்றுவது உங்கள் கையில் இல்லை. வண்டியின் வேகத்தைக் காட்டும் மின்பலகை வாங்குவதும், சாலையில் வேகத்தைக் குறைக்கும் பணிகளுக்குப் பண உதவி செய்வதும் உங்கள் கவுன்சிலால் முடியும். பலகையைக் கம்பத்தில் மாட்டச் சாலைத்துறையின் அனுமதி வேண்டும். நீங்கள் செய்ய வேண்டியது: கிளார்க்குக்கு எழுதி அதை அஜெண்டாவில் சேர்க்கச் சொல்வது. "வேகம் பற்றி விவாதம்" என்று மொட்டையாக எழுதாமல், "மின்பலகைக்கு விலைப்புள்ளிகள் பெறுவது பற்றி முடிவெடுத்தல்" என்று எழுதுங்கள். அஜெண்டாவில் தெளிவாகக் குறிப்பிடாத விஷயத்தில் கவுன்சில் சட்டப்படி முடிவெடுக்க முடியாது. கூட்டத்தின் கடைசியில் "இன்னொரு சின்ன விஷயம்" என்று ஆரம்பிப்பவர்களை எனக்குப் பிடிக்கும், ஆனால் அந்தச் சின்ன விஷயத்துக்குப் பணம் ஒதுக்க முடியாது.

அஜெண்டா கூட்டத்துக்கு முழுதாக மூன்று நாள் முன்பே அறிவிப்புப் பலகையில் இருக்க வேண்டும். ஒட்டிய நாளும் கூட்ட நாளும் கணக்கில் சேராது, நடுவில் வரும் ஞாயிறும் பொது விடுமுறையும் சேராது. வியாழக்கிழமை கூட்டமென்றால் முந்தைய வெள்ளிக்கிழமையே ஒட்டிவிடுவேன். ஊர்க்காரர்கள் வந்து உட்கார்ந்து கேட்க உரிமை இருக்கிறது. அந்த உரிமையைத் தந்த 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தவர் அப்போது புதிய எம்.பி.யாக இருந்த மார்கரெட் தாட்சர். அவருடைய அரசியலோடு உடன்படாதவர்களும் இந்தச் சட்டத்துக்காக நன்றி சொல்லலாம்.

இப்போது பயிற்சிக்கு வருகிறேன். ஒவ்வொரு கவுன்ட்டியிலும் பாரிஷ் கவுன்சில்களுக்கென்று ஒரு சங்கம் இருக்கிறது. உங்கள் கவுன்சில் அதில் உறுப்பினரா என்று கிளார்க்கிடம் கேளுங்கள். புதிய உறுப்பினர்களுக்கான அறிமுக வகுப்பு அங்கேதான் நடக்கும், பெரும்பாலும் மாலை நேரத்தில், ஆன்லைனில். கட்டணத்தைக் கவுன்சில் தன் பயிற்சி நிதியிலிருந்து கட்டலாம், நீங்கள் கைக்காசு போட வேண்டியதில்லை. அந்தச் சங்கங்களுக்கு மேலே 1947-இல் தொடங்கிய தேசிய அமைப்பு இருக்கிறது, சுருக்கமாக 'நால்க்'. அவர்கள் வெளியிடும் 'குட் கவுன்சிலர்ஸ் கைடு' கையேட்டை முதல் மாதத்திலேயே படித்துவிடுங்கள். எளிய ஆங்கிலம்தான். சட்டச் சந்தேகம் வந்தால் கிளார்க் கவுன்ட்டி சங்கத்துக்கு எழுதுவார், அங்கே தீராதது நால்க் வழக்கறிஞர்களிடம் போகும். அதனால் இணையத்தில் எங்கோ படித்ததை வைத்துக் கூட்டத்தில் வாதாடாதீர்கள். கேள்வியை எழுதிக் கொடுங்கள், பதில் வரும். கிளார்க்குகளுக்கு 1972-இல் தொடங்கிய தனிச் சங்கம் ஒன்றும் 'சில்கா' என்ற தகுதித் தேர்வும் இருக்கின்றன. உங்கள் கிளார்க் அந்தத் தேர்வுக்கு நேரமும் பணமும் கேட்டால் கைதூக்கி ஆதரவு கொடுங்கள், கவுன்சிலுக்குத்தான் லாபம்.

கவுன்ட்டி சங்கம் என்றதும் ஹேண்ட்ஃபோர்த் நினைவுக்கு வருகிறது. செஷயரில் இருக்கும் அந்தக் கவுன்சிலின் 2020 டிசம்பர் ஜூம் கூட்டம் 2021 பிப்ரவரியில் உலகமெல்லாம் பரவியது. கூட்டத்தை நடத்த உதவிய ஜாக்கி வீவர் அந்தக் கவுன்ட்டி சங்கத்தின் தலைமை அதிகாரி. தலைவரையே கூட்டத்திலிருந்து வெளியேற்றினார். "உங்களுக்கு இங்கே அதிகாரமில்லை" என்று தலைவர் ஜாக்கியைப் பார்த்துக் கத்தியதை வைத்து எத்தனையோ பாடல்களும் மீம்களும் வந்தன. பின்னர் வந்த விசாரணை அறிக்கை, முறைப்படியான நடைமுறை எதுவும் பின்பற்றப்படவில்லை, ஆனாலும் ஜாக்கி ஏன் அப்படிச் செய்தார் என்பது புரிகிறது என்றது. எல்லோரும் சிரித்தார்கள், எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. சம்பளமில்லாமல் ஊருக்கு உழைக்க வந்தவர்கள் ஒருவரை ஒருவர் அப்படிப் பேசும் நிலைக்கு ஒரே நாளில் வந்திருக்க மாட்டார்கள். "ஸ்டாண்டிங் ஆர்டர்ஸைப் படியுங்கள்" என்று அந்தக் கூட்டத்தில் ஒருவர் கத்துவாரே, அதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டம் எப்படி நடக்க வேண்டும் என்று கவுன்சில் தனக்கே எழுதிக்கொண்ட விதிகள் அவை. கோபமில்லாத ஒரு நாளில் உட்கார்ந்து படியுங்கள். கோவிட் காலத்து ஜூம் அனுமதியும் 2021 மே மாதத்தோடு முடிந்துவிட்டது. பழைய செய்தியை நம்பி "வீட்டிலிருந்தே வாக்களிக்கிறேன்" என்று இன்னும் கேட்பவர்கள் உண்டு.

சில விஷயங்களில் தாமதம் கூடாது. பொறுப்பேற்பு உறுதிமொழியில் கையெழுத்துப் போடாமல் உறுப்பினராகச் செயல்பட முடியாது. உங்கள் வேலை, வீடு, நிலம் போன்ற பொருளாதார நலன்களை 28 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும், உங்கள் துணைவருடையதையும் சேர்த்து. தக்க காரணமில்லாமல் விட்டால் அது குற்றம், வெறும் ஒழுங்குமீறல் இல்லை. ஏற்கப்பட்ட காரணமில்லாமல் ஆறு மாதம் கூட்டத்துக்கு வராவிட்டால் பதவி தானாகப் போய்விடும்.

அறிமுக வகுப்புக்கு அப்புறம் ஒரே ஒரு வகுப்புக்குத்தான் நேரமிருக்கிறது என்றால் திட்ட அனுமதி பற்றிய வகுப்புக்குப் போங்கள். ஊர்க்காரர்கள் அதிகம் கோபத்தோடு வருவது அதற்குத்தான். வீடு கட்ட அனுமதி தருவதும் மறுப்பதும் பாரிஷ் கவுன்சில் இல்லை, கருத்து மட்டும்தான் சொல்லும். அந்தக் கருத்துக்கு மதிப்பு இருக்க வேண்டுமானால் எது கணக்கில் எடுக்கப்படும் என்று தெரிந்திருக்க வேண்டும். "எங்கள் ஜன்னலிலிருந்து வயல் தெரியாது", "வீட்டு விலை குறையும்" என்பவை எடுபடாது. சாலைப் பாதுகாப்பு, வெள்ள அபாயம், பக்கத்து வீட்டின் அந்தரங்கம் பாதிக்கப்படுவது ஆகியவை எடுபடும். உணர்ச்சியோடு எழுதிய பத்துப் பக்கத்தைவிட இந்த மூன்றில் ஒன்றைப் பற்றி எழுதிய ஒரு பத்தி அதிகம் சாதிக்கும். ஊரில் எங்கே என்ன கட்டலாம் என்று சொல்லும் நெய்பர்ஹுட் பிளான் ஒன்றை எழுதி வாக்கெடுப்பில் நிறைவேற்றிக்கொள்ளவும் வழி உண்டு. கம்ப்ரியாவில் அப்பர் ஈடன் 2013-இல் முதலில் அதைச் செய்தது. அந்தத் திட்டம் இருந்தால், புதிய கட்டடங்களுக்கு உள்கட்டமைப்பு வரி வசூலிக்கும் பகுதிகளில், பாரிஷுக்கு வரும் பங்கு 15 சதவீதத்திலிருந்து 25 ஆக உயரும்.

கணக்கு விஷயத்தில் பயப்பட வேண்டாம். வரவு, செலவு இரண்டுமே 25,000 பவுண்டைத் தாண்டாத கவுன்சில்கள் வெளித் தணிக்கையிலிருந்து விலக்குப் பெறலாம், உள் தணிக்கை மட்டும் கட்டாயம். ஒவ்வொரு கோடையிலும் 30 வேலை நாட்களுக்கு ஊர்க்காரர் யாரும் கணக்கைப் பார்க்கலாம். மின்பலகைக்கு இந்த ஆண்டு நிதி இல்லை என்று சொன்னால் மனம் தளராதீர்கள். அடுத்த ஆண்டுப் பட்ஜெட்டும் பிரீசெப்ட்டும் குளிர்காலத்தில்தான் முடிவாகும், அக்டோபர், நவம்பரிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

செய்திகளுக்கு நால்க் மின்மடலும் உங்கள் கவுன்ட்டி சங்கத்தின் மடலும் போதும். முக்கியமாகக் கவனிக்க வேண்டியது உள்ளாட்சி மறுசீரமைப்பு. 2024 டிசம்பரில் அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை, மாவட்டக் கவுன்சில், கவுன்ட்டி கவுன்சில் என்ற இரண்டடுக்கை எடுத்துவிட்டு ஒரே அடுக்காக்க வேண்டும் என்கிறது. சாமர்செட்டில் 2023 ஏப்ரலிலேயே அது நடந்தது. அதே ஆண்டு நவம்பரில் புதிய கவுன்சில் நிதி நெருக்கடியை அறிவித்தது. பூங்காவும் பொதுக் கழிப்பறையும் மூடப்படாமல் இருக்க டவுன், பாரிஷ் கவுன்சில்கள் பிரீசெப்ட்டை உயர்த்தி அவற்றை எடுத்துக்கொண்டன. உங்கள் பகுதியிலும் அப்படி ஒரு கேள்வி வரலாம். "எடுத்துக்கொள்கிறீர்களா, மூடிவிடட்டுமா" என்று கேட்கும்போது பராமரிப்புச் செலவு என்ன, ஊழியர்கள் யார் பொறுப்பு, குத்தகையா சொந்தமா என்றெல்லாம் கேட்கத் தெரிந்த ஓர் உறுப்பினராவது மேஜையில் இருக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று கேட்டிருந்தீர்கள், இந்தியக் குடியுரிமையோடு தேர்தலில் நிற்கலாமா என்று. காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் காலவரம்பில்லாத வசிப்புரிமை வைத்திருந்தால் நிற்கலாம். இலங்கைக் குடிமக்களுக்கும் அதேதான். அடுத்த பாரிஷ் கவுன்சில் தேர்தல் வரும்போது கோ-ஆப்ஷனை நம்பியிருக்காமல் வேட்புமனு போடுங்கள். போட்டியே இல்லாமல் வந்தாலும் தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்றுதான் கணக்கு. மொத்த இடங்களில் மூன்றில் இரண்டு பங்கு தேர்ந்தெடுக்கப்பட்டவர்களாக இருந்து, கிளார்க்கும் சில்கா போன்ற தகுதி பெற்றிருந்தால், 2011-ஆம் ஆண்டுச் சட்டம் தரும் பொது அதிகாரத்தைக் கவுன்சில் ஏற்றுக்கொள்ளலாம். அப்புறம் ஒவ்வொரு செலவுக்கும் எந்தச் சட்டப் பிரிவு இடம் கொடுக்கிறது என்று தேட வேண்டியதில்லை.