நீரிலிருந்து எழும் விமானங்கள்: வாசகர் கேள்விகள்

கேள்வி: கனடாவின் வான்கூவரில் இருக்கும் மகனைப் பார்க்கச் சென்றிருந்தபோது விக்டோரியாவுக்குக் கடல் விமானத்தில் போனோம். ஏறும் முன்பே ஆளுக்கொரு சிறு பையைக் கொடுத்து இடுப்பில் கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். அதில் லைஃப் ஜாக்கெட் இருக்கிறது, விமானத்துக்குள் அதை ஊதவே கூடாது என்று இரண்டு முறை எச்சரித்தார்கள். பெரிய விமானங்களில் அது இருக்கைக்கு அடியில்தானே இருக்கும்? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: அந்தப் பை உங்கள் இடுப்புக்கு வந்ததன் பின்னால் ஆறு பேரின் மரணம் இருக்கிறது. நீங்கள் பறந்த அதே கடற்பகுதியில் உள்ள சாட்டர்னா தீவின் லயல் துறைமுகத்திலிருந்து, 2009 நவம்பர் 29 அன்று மாலை நான்கு மணியளவில், பீவர் வகை கடல் விமானம் ஒன்று விமானியும் ஏழு பயணிகளுமாக வான்கூவருக்குப் புறப்பட்டது. காற்று வீசும் திசையிலேயே ஓடி எழும்ப முயன்று முடியாமல் போகவே, விமானி காற்றை எதிர்த்து ஓட்டி மேலெழுப்பினார். சுற்றியிருந்த மேட்டுநிலத்தின் உயரத்தைக்கூட எட்டாத நிலையில் இடப்பக்கம் திரும்பிய விமானம், தூக்குவிசையை இழந்து தண்ணீரில் மோதியது. அருகிலிருந்தவர்கள் உடனே விரைந்தும், அவர்கள் போய்ச் சேர்வதற்குள் பயணிகள் இருந்த பகுதி நீருக்குள் மூழ்கிவிட்டது. விமானியும் ஒரு பயணியும் மட்டுமே பிழைத்தனர். இறந்தவர்களில் ஒரு கைக்குழந்தையும் உண்டு.

தூக்குவிசை குறைவதை எச்சரிக்கும் கருவி வேலை செய்யவில்லை என்றும், சுமை அளவுக்கு மீறிப் பின்பக்கம் சாய்ந்திருந்தது என்றும் கனடாவின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கண்டறிந்தது. என்னை அதைவிட உலுக்கியது வேறொன்று. மோதலைத் தாங்கியவர்கள் வெளியேற வழியின்றி உள்ளேயே மூழ்கி இறந்தார்கள். இருந்த நான்கு கதவுகளில் இரண்டு மோதிய வேகத்தில் நெளிந்து இறுகிவிட்டன. அதற்கு முந்தைய இருபது ஆண்டுகளில், நீரில் விழுந்து மூழ்கிய விமானங்களில் மாண்டவர்களில் ஏறக்குறைய 70 சதவீதத்தினர் மூச்சுத்திணறி நீரில் மூழ்கியே இறந்தார்கள் என்பதையும் வாரியம் எடுத்துக்காட்டியது.

அதுவரை லைஃப் ஜாக்கெட் விமானத்தில் இருந்தால் போதும் என்பதே விதி. மூழ்கும் விமானத்தில் இருக்கைக்கு அடியில் தேடி எடுக்க யாருக்கு நேரம் இருக்கும்? பயணிகள் அதை அணிந்தே இருக்க வேண்டும் என்றும், கதவுகள் எளிதில் திறந்துகொள்ள வேண்டும் என்றும் வாரியம் 2011-இல் பரிந்துரைத்தது. முதல் பரிந்துரையை ஏற்கும் விதிகள் 2019-இல்தான் வந்தன. அத்தனை ஆண்டுகள் காத்திருந்திருக்க வேண்டியதில்லை என்பதே என் எண்ணம்.

ஊதக் கூடாது என்பதற்கும் காரணம் உண்டு. நீரில் மிதப்பதற்காக அடியில் பொருத்தியிருக்கும் மிதவைகள் மேலே வர, இத்தகைய விமானம் பெரும்பாலும் தலைகீழாகக் கவிழும். ஊதிய அங்கி உங்களை மேல்நோக்கித் தள்ளி, இப்போது கூரையாகிவிட்ட தரையோடு ஒட்டவைத்துவிடும். கதவுவரை குனிந்து நீந்த முடியாது. ஆகவே அமர்ந்தவுடன் கதவின் கைப்பிடி எந்தப் பக்கம், எத்தனை சாண் தொலைவில் இருக்கிறது என்று கையால் தொட்டே பார்த்துக்கொள்ளுங்கள். கவிழ்ந்தால் ஒரு கை அந்தப் பிடியை விடாமல் இருக்க, முதலில் கதவைத் திறந்து, பிறகுதான் சீட் பெல்ட்டைக் கழற்ற வேண்டும். முதலில் பெல்ட்டைக் கழற்றியவருக்கு இருட்டு நீரில் திசையே பிடிபடாது.

கேள்வி: அலையே இல்லாத நீரில் எழும்புவது எளிதுதானே? (வாசகர், நாகப்பட்டினம்)

பதில்: பெரிய அலை ஆபத்தானதுதான், ஆனால் கண்ணாடிபோல் அசையாத நீரும் எளிதல்ல. மிதவையின் அடிப்பகுதியில் படிபோன்ற ஒரு வெட்டு உண்டு. வேகம் கூடும்போது மிதவை நீரில் அமிழ்ந்து ஓடுவதை விட்டு அந்தப் படியின் மேல் வழுக்கி ஓடும். சிற்றலை இருந்தால் அடியில் காற்று புகுந்து மிதவையை விடுவிக்கும். அசையாத நீரோ அதைப் பற்றிக்கொள்வதால் ஓட்டத்தின் தூரம் நீள்கிறது. அப்போது அனுபவமுள்ள விமானி இறக்கையைச் சற்றே சாய்த்து, ஒரு மிதவையை முதலில் நீரிலிருந்து பிரித்துவிட்டு, மற்றொன்றை அதன்பின் எழுப்புவார்.