இத்தாலிய ஹாம் வாங்கும்போது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கடைகளில் 'ஹாம்' என்று இளஞ்சிவப்பாக விற்பதும் இத்தாலிய புரோஷூட்டோவும் ஒன்றுதானா? (ஆர்.எஸ்.புரம், கோவை)

ஒன்றல்ல. நம் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது உப்புநீர் ஏற்றி வேகவைத்த பன்றித்தொடை. இத்தாலியர்கள் அந்த வகையை 'கோட்டோ' என்பார்கள். நீங்கள் தேடுவது 'க்ரூடோ', அதாவது வேகவைக்காமல், முழுப் பின்தொடையை உப்பிட்டு மாதக்கணக்கில் காற்றில் முதிரவைத்தது. நம் உப்புக்கண்டத்துக்கு இது தூரத்து உறவு என்றாலும், மஞ்சளும் உப்பும் தடவிக் கயிற்றில் கோத்து வெயிலில் உலர்த்தும் கறியைப்போல இது சுக்காகக் காய்வதில்லை. நிழலிலும் குளிரிலும் மெல்ல முதிர்வதால் உள்ளே மென்மையாகவே இருக்கும்.

அசல் சரக்கு என்று எப்படித் தெரிந்துகொள்வது? (திருப்பூர்)

முதலில் உட்பொருள் பட்டியலைப் படியுங்கள். பார்மா, சான் தனியேலே ஆகிய இரண்டு புகழ்பெற்ற வகைகளிலும் பன்றி இறைச்சியும் கடல் உப்பும் தவிர வேறெதுவும் சேர்க்க அனுமதி இல்லை. நைட்ரைட், சர்க்கரை, புகைச்சுவை என்று பட்டியல் நீண்டால் அது வேறு பொருள். பார்மா ஹாமின் தோலில் ஐந்து முனைக் கிரீடமும் 'பார்மா' என்ற பெயரும் சூட்டுக்கோலால் பொறிக்கப்பட்டிருக்கும். துண்டுபோட்ட பாக்கெட்டில் அந்தக் கிரீடம் ஒரு மூலையில் கறுப்பு முக்கோணத்துக்குள் இருக்கும். சான் தனியேலே தொடையைக் குளம்போடு விட்டுவைப்பது மரபு. பார்மாவுக்குக் குறைந்தது 14 மாதமும் சான் தனியேலேவுக்கு 13 மாதமும் முதிர்வுக் காலம்.

அடுத்து, இறக்குமதியாளரின் முகவரியும் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். இவை எல்லாம் சரியாக இருந்தும் நான் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன்: கோவையில் ஒரு கடையில் அதை ஐஸ்கிரீமோடு உறைபெட்டியில் வைத்திருந்தார்கள், வீட்டில் பிரித்தபோது தாள்போல் எடுக்க வேண்டிய துண்டுகள் ஈரம் கசிந்து பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டன. அதனால் சரக்கு எங்கே, எந்தக் குளிரில் கிடக்கிறது என்பதைப் பார்த்துவிட்டே வாங்குங்கள். பாக்கெட் உப்பியிருந்தாலோ, உள்ளே நீர் கோத்திருந்தாலோ விட்டுவிடுங்கள்.

வெள்ளைப் புள்ளிகள் தெரிகின்றன. பூஞ்சையா? (பொள்ளாச்சி)

சதையின் உள்ளே மணல்போல் கடிபடும் புள்ளிகள் டைரோசின் படிகங்கள். புரதம் நெடுநாள் உடைந்து முதிர்ந்ததால் உண்டாகும் இவற்றால் தீங்கு இல்லை. ஆனால் பாக்கெட் துண்டின் மேற்பரப்பில் பஞ்சுபோல் படர்ந்திருந்தால் தூக்கி எறியுங்கள். கொழுப்பு வெள்ளையாகவோ லேசான ரோஜா நிறமாகவோ இருக்கலாம். மஞ்சளாகிச் சிக்கு வாடை அடித்தால் கெட்டுவிட்டது என்று பொருள். நல்ல கொழுப்பை வெட்டி எறிவது மட்டும் வேண்டாம், மணமே அதில்தான் இருக்கிறது.

எங்கள் ஊரில் காற்றுக்குக் குறைவில்லை. வீட்டிலேயே செய்யலாமா? (உடுமலைப்பேட்டை)

வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எவ்வளவு அடித்தாலும் போதாது. உப்பு, தொடையின் நடு எலும்புவரை இறங்கப் பல வாரங்கள் ஆகும். அதுவரை இறைச்சி கடுங்குளிரில் இருந்தாக வேண்டும். நம் வெப்பத்தில் உப்பு போய்ச் சேருமுன் கிருமி போய்ச் சேர்ந்துவிடும், அந்தக் கிருமியின் நச்சால் வரும் போட்டுலிசம் என்ற நோய் உயிரையே வாங்கும். உப்புக்கண்டம் போடும் கைப்பழக்கத்தை நம்பி இதில் இறங்காதீர்கள்.

எப்படிப் பரிமாறுவது, எத்தனை நாள் வைக்கலாம்? (ஈரோடு)

சிறு பாக்கெட்டாக வாங்கி, குளிர்பெட்டியிலிருந்து கால் மணி நேரம் முன்னதாக எடுத்துவைத்து, சமைக்காமல் முலாம்பழத்தோடு அல்லது அத்திப்பழத்தோடு சாப்பிடுங்கள். மசாலா சேர்த்தால் காசு வீண். பிரித்த பாக்கெட்டை மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். வேகவைக்காத இறைச்சி என்பதால் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்க வேண்டாம்.