டிக்கோயாவிலிருந்து ஹட்டன் டவுனுக்குச் சைக்கிளில் வேலைக்குப் போய்வர முடியுமா? பஸ், ஆட்டோக்களோடு எப்படிச் சமாளிப்பது? முடிந்தவரை ஓரமாகவே போனால் போதும்தானே?

போய்வரலாம். ஆனால் "முடிந்தவரை ஓரமாகவே போனால் போதும்தானே" என்று கேள்வியில் கேட்டிருக்கிறீர்களே, அது பாதிதான் சரி. காலையில் ஹட்டனுக்கு ஏறும்போது சரி. மாலையில் டிக்கோயாவுக்கு இறங்கும்போது அதுவே ஆபத்து.

ஏற்றத்தில் உங்கள் வேகம் மணிக்கு 6, 7 கிலோமீற்றர். ரோட்டில் நடந்து போகிறவரைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். அதே ரோட்டில் இறங்கும்போது 25, 30 வந்துவிடும். முன்னால் போகிற ஆட்டோவும் அந்த வேகத்தில்தான் போகும். ஆகவே ஏறும்போது நடந்து போகிறவர் மாதிரி ஒதுங்க வேண்டும், இறங்கும்போது வண்டி மாதிரி ரோட்டில் இடம் பிடிக்க வேண்டும். புதிதாக ஓட்டுகிறவர்கள் பெரும்பாலும் தலைகீழாகச் செய்கிறார்கள்: ஏற்றத்தில் பிடிவாதமாக நடுவில் மிதிப்பார்கள், இறக்கத்தில் பயந்து ரோட்டோரத் தண்ணீர்க் கானோடு ஒட்டிக்கொண்டு பறப்பார்கள்.

முதலில் ஏற்றம். பஸ்ஸின் அகலம் ஏறக்குறைய இரண்டரை மீற்றர். ரோடு 6 மீற்றர் என்று வையுங்கள். எதிரெதிரே இரண்டு பஸ் வந்தால் ஐந்து மீற்றர் போய்விடும். மீதி ஒரு மீற்றர், அதுவும் இரண்டு பக்கமும் பிரிந்து. மெதுவாக ஏறுகிற சைக்கிள் நேர்கோட்டில் போகாது, ஒவ்வொரு மிதிக்கும் ஒரு சாண் இப்படியும் அப்படியும் ஆடும். எனவே பின்னால் பஸ் சத்தம் கேட்கும்போதே முன்னால் என்ன வருகிறது என்று பாருங்கள். எதிரே லொறி தெரிந்தால், அந்த மூன்றும் ஒரே இடத்தில் சந்திக்கும் கணக்கு. ஒரு காலைக் கீழே வைத்து நின்றுவிடுங்கள். எதிரே ஒன்றும் இல்லை, நேர் ரோடு என்றால் நிற்கத் தேவையில்லை. அதே கோட்டில் ஆடாமல் மிதித்தால் அவர் சுற்றிக்கொண்டு போய்விடுவார்.

பின்னால் வருகிற பஸ் டிரைவர் ஹோர்ன் அடித்தால் அது கோபம் என்று எடுக்க வேண்டாம். ஆளை ஏற்றிய பஸ் செங்குத்தில் வேகம் குறைந்தால் அவர் கியரை இரண்டாவதுக்கோ முதலாவதுக்கோ இறக்க வேண்டும். திரும்ப வேகம் எடுக்க நூறு மீற்றராவது போகும். அவருக்கு உங்கள் மேல் இருக்கிற ஒரே முறைப்பாடு அதுதான். பஸ் தரிப்பிடம், தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குத் திரும்பும் பாதை, கடை வாசல் என்று அகலமான இடம் வந்தால் அங்கே ஒதுங்கிப் பின்னால் சேர்ந்த நாலைந்து வண்டியை விட்டுவிடுங்கள். பத்து, பதினைந்து செக்கனில் முடிகிற காரியம். நாளைக்கும் அதே டிரைவர்தான் வருவார், முகம் ஞாபகம் வைத்திருப்பார்.

செங்குத்தில் இறங்கித் தள்ளுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. தள்ளும்போது நீங்கள் இடது பக்கம், சைக்கிள் வலது பக்கம், அதாவது சைக்கிள் வண்டிகள் போகும் பக்கமாக இருக்கட்டும்.

பஸ்ஸோடு வருகிற உண்மையான சிக்கல் தரிப்பிடத்தில்தான். உங்களை முந்திப் போன பஸ் ஐம்பது மீற்றரில் ஆள் ஏற்ற நிற்கும். இடப்பக்கம் இடைவெளி இருக்கிறதே என்று நுழையவே கூடாது. ஆட்கள் இறங்குவது அந்தப் பக்கம்தான், அதிலும் பஸ் முழுதாக நிற்க முன்னமே மிதிபலகையிலிருந்து குதிக்கிறவர்கள் உண்டு. வலப்பக்கமாக முந்தலாமா? முழுதாக நின்றிருந்து, இன்னும் ஆட்கள் ஏறிக்கொண்டிருந்து, எதிர்ப்பக்கம் காலியாகத் தெரிந்தால் மட்டும். கொண்டக்டர் தட்டி "ரைட்" என்று குரல் கொடுத்துவிட்டால் முந்த வேண்டாம். அடுத்த நொடி பஸ் வலப்பக்கம் வெட்டி எடுக்கும். ஏற்றத்தில் என்றால் என் பதில் ஒன்றுதான்: பின்னாலேயே நில்லுங்கள். முந்தினாலும் நூறு மீற்றரில் அவர் திரும்ப உங்களை முந்துவார், அந்த விளையாட்டு டவுன் வரைக்கும் தொடரும். நிற்கும்போது புகைக்குழாய்க்கு நேரே நிற்காமல் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்.

நீளமான வண்டி வளைவில் திரும்பும்போது பின்சில்லு முன்சில்லின் தடத்தில் வராது, உள்பக்கமாக வெட்டி வரும். இடப்பக்கம் திரும்பும் வளைவில் அந்த உள்பக்கம் உங்கள் பக்கம். பஸ் பக்கத்தில் வந்து, முன்னால் இடது வளைவு தெரிந்தால் மிதிப்பதை நிறுத்திப் பஸ்ஸைப் போக விடுங்கள். வலது வளைவில் வேறு சங்கதி: பின்சில்லுக்குப் பின்னால் நீண்டிருக்கும் வால் இடப்பக்கம் கொஞ்சம் வீசும். டவுனுக்குள் நெருக்கத்தில் பஸ்ஸின் வாலோடு ஒட்டி நிற்பவர்களுக்குத் தோளில் இடி விழுவது இதனால்தான்.

ஆட்டோக்காரரைப் பொறுத்தவரை அவர் முகத்தைப் பார்ப்பதில் பிரயோசனம் இல்லை, முன்சில்லைப் பாருங்கள். ஒற்றைச் சில்லு, அது திரும்பிய பிறகுதான் சிக்னல் போடுவார், போட்டால். ஸ்டாண்டில் நிற்கிற ஆட்டோ, எதிர்ப்பக்கம் யாராவது கை காட்டினால் அந்த இடத்திலேயே முழு வட்டம் அடிக்கும். ஆகவே ஸ்டாண்டைக் கடக்கும்போது எதிர்ப்பக்க ஓரத்தில் நிற்கிறவர்களையும் ஒரு பார்வை பாருங்கள், கை தூக்கியிருக்கிறார்களா என்று. ஆட்டோவில் ஆள் இறங்குவது வழக்கமாக இடப்பக்கம்; நிற்கிற ஆட்டோவை வலப்பக்கமாகக் கடக்கலாம். வானுக்கும் காருக்கும் அப்படி இல்லை, டிரைவர் கதவு வலப்பக்கம் திறக்கும். ஒரு மீற்றர் விட்டுப் போங்கள்.

இனி இறக்கம். இங்கேதான் ஓரம் கூடாது என்கிறேன். மலைப்பக்க ஓரத்தில் திறந்த கான் இருக்கும், மழை நாளில் மண்ணும் சல்லியும் அதிலிருந்து ரோட்டுக்கு வழியும். காபட் போட்ட ரோட்டில் காபட் முடிகிற விளிம்பு பக்கத்து மண்ணைவிட இரண்டு, மூன்று அங்குலம் உயரமாக இருக்கும். அதிலிருந்து தவறி இறங்கினால்கூட விழ மாட்டீர்கள். திரும்ப ஏறப் பார்க்கும்போதுதான் விழுவீர்கள்: முன்சில்லு விளிம்போடு உரசி ஏறாமல் அப்படியே வழுக்கும், உடம்பு ரோட்டு நடுவுக்குச் சாயும். இறங்கிவிட்டால் பிரேக் பிடித்து நின்று, தூக்கி வைத்து ஏறுங்கள். இதெல்லாம் வேண்டாம் என்றால் உங்கள் பக்கப் பாதையின் நடுவில், விளிம்பிலிருந்து ஒரு மீற்றருக்குக் குறையாமல் ஓட்டுங்கள். பின்னால் வருகிறவர் உங்களை வண்டியாகப் பார்ப்பார், வளைவில் பக்கவாட்டில் நுழைய மாட்டார். ரோடு நேராகி, பின்னால் யாராவது அவசரப்பட்டால் கையால் சைகை காட்டி வழி விடுங்கள்.

வேகத்துக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன், நல்ல பிரேக் இருக்கிறது என்று வைத்து. ஈரமான 8 சதவீத இறக்கத்தில் மணிக்கு 30 கிலோமீற்றரில் போனால், கண் கண்டு கை அழுத்த ஒரு செக்கன், அதற்குள் 8 மீற்றர். பிறகு நிற்க ஏறக்குறைய 16 மீற்றர். மொத்தம் 24. அதே இடத்தில் 20 கிலோமீற்றரில் போனால் மொத்தம் 13 மீற்றர் போதும். டிக்கோயா ரோட்டு வளைவுகளில் பல இடத்தில் 24 மீற்றர் தூரம் கண்ணுக்கே தெரியாது, பனி மூடினால் கேட்கவே வேண்டாம். தெரிகிற தூரத்துக்குள் நிற்க முடிகிற வேகம் எதுவோ அதுதான் வேகம்.

பிரேக்கை வளைவுக்கு முன்னாலேயே பிடித்து முடியுங்கள். வளைவுக்குள் சாய்ந்த பிறகு பிடித்தால், அதுவும் மஞ்சள் கடவைக் கோட்டு மையின் மேலோ விழுந்து ஊறிய யூகலிப்டஸ் இலையின் மேலோ பிடித்தால், சில்லு போய்விடும். வலப்பக்கக் கொண்டை வளைவில் எதிரே ஏறி வரும் பஸ்ஸுக்கு அது உள்வளைவு. பின்சில்லு கானுக்குள் விழாமல் இருக்க அவர் மூக்கை உங்கள் பக்கம் அகலமாக எடுப்பார்; வேறு வழி அவருக்கு இல்லை. வளைவுக்குக் கீழே நீண்ட ஹோர்ன் கேட்டால், இல்லாவிட்டால் இரவில் எதிர்க்கரை மண்திட்டில் லைட் வெளிச்சம் நகர்ந்தால், வளைவுக்குப் பதினைந்து மீற்றர் முன்னாலேயே நில்லுங்கள். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழி விடுவதுதான் மலைநாட்டு வழக்கம். உங்கள் மணி அந்த டிரைவருக்குக் கேட்காது, பதிலுக்கு அடிப்பது வீண்.

மணி நடக்கிறவர்களுக்குத்தான். ஆனால் முதுகுக்குப் பின்னால் வந்து அடித்தால் ஆள் துள்ளுவார், எந்தப் பக்கம் துள்ளுவார் என்று தெரியாது. பதினைந்து, இருபது மீற்றர் தள்ளி ஒரு தடவை அடித்து, கிட்ட வந்ததும் வாயால் "அக்கா, வலப்பக்கமா வாறேன்" என்று சொல்லுங்கள். குரலுக்கு யாரும் பயப்படுவதில்லை. பள்ளிக்கூடம் தொடங்குகிற ஏழரைக்கு முன்னும், விடுகிற ஒன்றரைக்குப் பின்னும் பிள்ளைகள் நாலு பேர் கைகோத்து வருவார்கள். அந்த அரை மணித்தியாலம் இறக்கத்திலும் மணிக்கு 10 கிலோமீற்றருக்கு மேல் வேண்டாம். கொழுந்து நிறுக்கிற நேரத்தில் கொழுந்து பறிக்கிறவர்கள் மலையிலிருந்து படிக்கட்டு வழியாக நேரே ரோட்டுக்கு இறங்குவார்கள். தலையில் கொழுந்துச் சாக்கு இருக்கிறவரால் கழுத்தைத் திருப்பிப் பார்க்க முடியாது, ஈரக் கொழுந்து என்றால் பாரம் இன்னும் கூட. அவர் உங்களைப் பார்ப்பார் என்று எதிர்பார்க்காமல் நீங்களே நில்லுங்கள். ரோட்டோரம் கொழுந்து லொறி நின்றால் அதற்கு முன்னாலிருந்து ஆள் வருவார் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சைக்கிள் எதுவென்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மேலே சொன்னது எல்லாம் அதில்தான் தொங்குகிறது. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் பலர் அவசரத்துக்கு வாங்கிய ஒற்றைக் கியர் சைக்கிள் இந்த ரோட்டுக்குச் சரிவராது. முன்சக்கரத்தில் பல் 44, பின்சக்கரத்தில் பல் 18 என்றால் மிதி ஒரு முழுச் சுற்றுக்கு ஐந்து மீற்றர். ஏற்றத்தில் கால் விட்டுவிடும். முன்னால் 22 அல்லது 24 பல், பின்னால் 34 வரை உள்ள ஃப்ரீவீல் போட்டால் ஒரு சுற்றுக்கு ஒன்றரை மீற்றருக்கும் குறைவு, உட்கார்ந்தபடியே ஏறலாம். 26 அங்குலச் சில்லு, பழைய மவுண்டன் பைக் போதும். ரிம் அலுமினியமாக இருப்பது கட்டாயம். பளபளக்கும் இரும்பு ரிம் மழையில் பிரேக்கைப் பிடிக்கவே பிடிக்காது.

அலுமினிய ரிம்மும் நனைந்தால் முதல் ஓரிரு சுற்றுக்குத் தண்ணீரைத் துடைக்கத்தான் செய்யும், அதற்குப் பிறகுதான் பிடி கிடைக்கும். அதனால் மழையில் இறங்கும்போது தேவைப்படும் முன்னமே லேசாகத் தொட்டுத் தொட்டு ரிம்மைத் துடைத்து வையுங்கள். நீளமாக அழுத்திக்கொண்டே இறங்குவதும் நல்லதில்லை, ரிம் சூடேறும். முன்னும் பின்னுமாக விட்டுப் பிடியுங்கள். பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் இடைவெளி ஒன்று, இரண்டு மில்லிமீற்றர். கட்டையிலுள்ள பள்ளம் தேய்ந்து மறைந்தால் மாற்றுங்கள். வாரம் ஒரு தடவை கட்டையின் முகத்தைப் பாருங்கள்: சாம்பல் நிறச் சேறும் மினுங்கும் அலுமினியத் துணுக்கும் பதிந்திருக்கும், ஊசியால் கிளறி எடுக்காவிட்டால் அது ரிம்மை அறுக்கும். ரிம்மின் பக்கச்சுவர் விரலுக்குக் குழிவாகத் தட்டுப்பட்டால் ரிம்மே முடிந்தது, இறக்கத்தில் வெடிக்க விட வேண்டாம். பிரேக் பிடியை முழுப் பலத்தோடு அழுத்தினாலும் கைப்பிடிக்கும் அதற்கும் இடையில் இரண்டு விரல் இடைவெளி மிஞ்ச வேண்டும். மிஞ்சாவிட்டால் கம்பி தொய்ந்திருக்கிறது. இங்குள்ள ஈரத்துக்கு உள்கம்பி துருப்பிடித்து இறுகுவதும் அடிக்கடி நடக்கும், விலை சொற்பம், மாற்றிவிடுங்கள். செயினில் பன்னிரண்டு முழுக்கண்ணி (உள்கண்ணியும் வெளிக்கண்ணியும் சேர்ந்தது ஒன்று) 12 அங்குலம் இருக்க வேண்டும். ஒரு அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கு கூடினால் செயினை மாற்றுங்கள், எட்டில் ஒரு பங்கு வரை விட்டால் ஃப்ரீவீலும் சேர்ந்து போகும்.

மழைக்கு ஜக்கட்டும் காற்சட்டையும் தனித்தனியாக. ஒற்றைக் கையில் குடை பிடித்து இறங்குகிறவர்களைப் பார்க்கலாம். மீதிக் கை பின்பிரேக்கில் இருந்தால் நிற்காது, முன்பிரேக்கில் இருந்தால் குப்புற விழும். இடுப்பில் படங்கு கட்டிக்கொண்டு ஏறவும் வேண்டாம், செயினில் மாட்டும். பனிக்கும் இருட்டுக்கும் முன்னே வெள்ளை, பின்னே சிவப்பு லைட், பகலிலும் போடுங்கள். முன்லைட்டைக் கீழ்நோக்கிச் சாய்த்து வையுங்கள், நேரே வைத்தால் பனி வெள்ளைச் சுவராகத் திரும்பி வரும்.

நாய் துரத்தினால் ஏற்றத்தில் நீங்கள் ஜெயிக்க மாட்டீர்கள். இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்து நடங்கள், விட்டுவிடும்.

உரசிவிட்டுப் போன வண்டிக்குப் பின்னால் துரத்த வேண்டாம். இலக்கம், பஸ் என்றால் எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு ஓடுவது, நேரம், இந்த மூன்றையும் உடனே ஃபோனில் பதிந்துகொள்ளுங்கள். காயம் என்றால் 1990 அம்புலன்ஸ், பொலிஸுக்கு 119. மாகாணம் விட்டு மாகாணம் ஓடும் பஸ் என்றால் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் 1955 இலக்கத்துக்கும் சொல்லலாம்.

கடைசியாக, உங்கள் ரோட்டுக்கு மட்டும் உள்ள ஒன்று. டிசம்பர் பௌர்ணமியிலிருந்து மே வெசாக் வரை சிவனொளிபாதமலைக் காலம். வெளியூர் வான்களும் பஸ்களும் ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா வழியாக நிறையப் போகும். இரவு முழுக்க மலை ஏறிவிட்டுத் திரும்புகிற டிரைவர்களுக்குத் தூக்கமும் இல்லை, வளைவும் பழக்கமில்லை. அந்த மாதங்களில் வார இறுதியிலும் போயா நாளிலும் காலை வேலைக்கு பஸ்ஸில் போங்கள். மற்ற நாளில் சைக்கிள் எடுக்கலாம்.